காகம் உட்கார்ந்த நேரம்

பால்டிக் கடலோரத்தில் இருக்கும் ஜெர்மானிய நகரம் கீல். 1898 ஆகஸ்ட் மாதம், அந்நகரின் மருத்துவமனையில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர் ஒரு காரியம் செய்தார். கணுக்காலில் காசநோய் கண்டிருந்த 34 வயதுத் தொழிலாளி ஒருவரின் முதுகில் ஊசியைச் செலுத்தி, தண்டுவடத்தைச் சூழ்ந்திருக்கும் திரவத்தில் 3 மில்லிலிட்டர் கோகெய்ன் கரைசலைக் கலந்தார். நோயாளி விழித்தபடியே படுத்திருந்தார். காலில் கத்தி பட்டது அவருக்குத் தெரியவில்லை.

இன்னும் சிலருக்கு இதே முறையில் அறுவை செய்தபோது, பின்னால் அவர்களுக்கு வாந்தியும் கடுமையான தலைவலியும் வருவதைப் பியர் கவனித்தார். காரணத்தைத் தன் உடம்பிலேயே பார்த்துவிடுவது என்று முடிவு செய்து, உதவியாளர் ஹில்டெபிராண்டிடம் முதுகைக் காட்டினார். ஊசியும் மருந்துக் குழலும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மருந்து உள்ளே போவதற்குப் பதிலாகத் தண்டுவடத் திரவம் வெளியே ஒழுகியது. சரி என்று இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். ஹில்டெபிராண்டின் கால்கள் மரத்ததும் பியர் அவருடைய முழங்காலுக்குக் கீழே எலும்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தார். எரியும் சுருட்டை வைத்துச் சுட்டார். முடியைப் பிடித்து இழுத்தார். எதுவும் உறைக்கவில்லை. அன்று இரவு மதுவும் சுருட்டுமாகக் கொண்டாட்டம். பிறகு பியர் ஒன்பது நாள் தலையைத் தூக்க முடியாமல் படுத்துக் கிடந்தார்.

இப்படித்தான் ஸ்பைனல் மயக்க மருந்து பிறந்தது. 'முதுகில் ஊசி' என்று நம் வீடுகளில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சிசேரியன், குடலிறக்கம், கால் எலும்பு முறிவு என்று உலகம் முழுவதும் தினமும் எண்ணற்றவர்களுக்கு இது போடப்படுகிறது. பியரின் தலைவலிக்குக் காரணம், ஊசி போட்ட ஓட்டை வழியாகக் கசிந்த திரவம். இன்றைய மெல்லிய ஊசிகளால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் ஒரு குறிப்பிட்ட நோயுள்ளவர்களுக்கு மட்டும் இந்த ஊசி ஆகாது என்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவ உலகம் தயங்கிக்கொண்டே இருந்தது. அந்த நோய் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம் நியாயமானது, எப்படித் தளர்ந்தது என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் ஊசி எங்கே போகிறது என்று பார்த்துவிடுவோம். மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை வருவதில்லை. பெரியவர்களுக்கு இடுப்பின் முதல் முள்ளெலும்பு அளவிலேயே அது முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் கற்றையாகத் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கும். இவை எல்லாவற்றையும் டியூரா என்ற தடித்த சவ்வு உறையாக மூடியிருக்கிறது. ஸ்பைனல் ஊசி இந்த உறையைத் துளைத்து நேராகத் திரவத்துக்குள் போகிறது. மருந்து நரம்பின் மேலேயே படுவதால் இரண்டு மில்லிலிட்டர் அளவே போதும். சில நிமிடங்களில் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். முதுகில் போடும் இன்னொரு வகை ஊசியான எபிடூரலில், ஊசி உறைக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியில் ஒரு மெல்லிய குழாயை விட்டுவைத்து, தேவைக்கேற்ப மருந்து செலுத்துவார்கள். கொழுப்பும் ரத்தக் குழாய்களும் நிறைந்த இடம் அது. மருந்தில் பெரும்பகுதி அங்கேயே உறிஞ்சப்பட்டு, ஒரு பங்குதான் உறையைக் கடந்து உள்ளே போகும். எனவே செலுத்தும் மருந்து அதிகமாக இருந்தாலும் தண்டுவடத்தைத் தொடும் மருந்தின் செறிவு ஸ்பைனலைவிடக் குறைவு. இந்த ஒரு வித்தியாசம் பின்னால் பெரிய விஷயமாகப் போகிறது.

இனி எம்.எஸ். பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ஷான்-மார்தேன் ஷார்க்கோ, 1868-ல் இதை ஒரு தனி நோயாக விவரித்தார். இறந்தவர்களின் மூளையிலும் தண்டுவடத்திலும் ஆங்காங்கே கெட்டியான திட்டுகள் இருப்பதை அவர் கண்டார். உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள், ஏதோ காரணத்தால், மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற உறையைத் தாக்கி அழிக்கின்றன. அழிந்த இடத்தில் தழும்பு விழுகிறது. பார்வை மங்கலாம், கால் தளரலாம், கை மரக்கலாம், சிறுநீர் கட்டுப்படாமல் போகலாம். எந்தத் திட்டு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். பலருக்கு நோய் அலையலையாக வருகிறது: திடீரென ஒரு தாக்குதல், சில வாரங்களில் ஓரளவு தேறுதல், மாதங்களோ ஆண்டுகளோ கழித்து இன்னொரு தாக்குதல். மறுபடி வரும் இந்தத் தாக்குதலை மருத்துவர்களும் நோயாளிகளும் ரிலாப்ஸ் என்பார்கள்.

நோய் பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில் தலைகாட்டுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. அதாவது, எம்.எஸ். நோயாளிகளில் பெரும்பங்கினர் பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்கள். பிரசவ வலிக்கு எபிடூரல், சிசேரியனுக்கு ஸ்பைனல் என்றிருக்கும் காலத்தில் இந்த நோயும் இந்த ஊசியும் சந்தித்தே தீரும்.

பயத்துக்கு ஒரு நல்ல தர்க்கம் இருந்தது. அதைக் கேலி செய்வதற்கில்லை. ஆரோக்கியமான நரம்பிழையில் மயலின் உறை தொடர்ச்சியாக இருப்பதில்லை. சிறு சிறு இடைவெளிகள் விட்டிருக்கும். மின் சமிக்ஞை ஓர் இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குத் தாவித் தாவிப் போகிறது. ஒவ்வோர் இடைவெளியிலும் சோடியம் அயனிகள் உள்ளே நுழையும் வாயில்கள் நெருக்கமாகக் குவிந்திருக்கின்றன. அடுத்த இடைவெளியைத் தூண்டுவதற்குத் தேவையானதைப் போல ஐந்து மடங்கு அளவுக்கு மின்னோட்டம் கிடைக்கும். அதாவது தாராளமான உபரி உண்டு. மயலின் அழிந்துவிட்டால் மின்னோட்டம் வழியிலேயே கசிகிறது. உபரி கரைந்து, சமிக்ஞை தட்டுத்தடுமாறித்தான் அடுத்த கட்டத்தை எட்டுகிறது. மரக்கவைக்கும் மருந்துகள் செய்வது என்ன? அதே சோடியம் வாயில்களை அடைப்பது. ஆரோக்கியமான நரம்பை முடக்கத் தேவைப்படும் அளவில் ஒரு சிறு பகுதியே, தட்டுத்தடுமாறும் நரம்பை முடக்கிவிடக்கூடும்.

இதற்குச் சான்றும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் எம்.எஸ். நோயாளிகளின் ரத்த நாளத்தில் லிடோகெய்ன் என்ற மரக்கும் மருந்தைச் சிறிதளவு செலுத்தினார்கள். அதுவரை வெளியே தெரியாதிருந்த குறைகள், பார்வை மங்கல் போன்றவை, தற்காலிகமாக வெளிப்பட்டு, மருந்து வடிந்ததும் மறைந்தன.

வெப்பமும் இதே வேலையைச் செய்கிறது. ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்டோஃப், உடற்பயிற்சி செய்ததும் சில நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதை 1890-ல் பதிவு செய்தார். பின்னால்தான் அதற்குக் காரணம் உடல் சூடேறுவது என்று தெரிந்தது. அரை டிகிரி செல்சியஸ் உயர்வே சிலருக்குப் போதும். சூடேறினால் சோடியம் வாயில்கள் விரைவாக மூடிக்கொள்கின்றன. உபரியில்லாத நரம்பில் சமிக்ஞை நின்றுவிடுகிறது. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து, அறிகுறி கூடுகிறதா என்று பார்ப்பதே ஒரு பரிசோதனையாக இருந்தது. ஆறியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இதில் புதிய திட்டு எதுவும் விழுவதில்லை. இருக்கிற திட்டுதான் தன்னைக் காட்டிக்கொள்கிறது. இது போலி ரிலாப்ஸ். உண்மையான ரிலாப்ஸ் என்று எழுதுவதானால், காய்ச்சலோ நோய்த்தொற்றோ இல்லாத நிலையில், அறிகுறி குறைந்தது 24 மணி நேரமாவது நீடிக்க வேண்டும் என்பது நரம்பியலாளர்களின் விதி. அறுவை அரங்கில் இந்த விதியை எல்லோரும் நினைவில் வைத்திருந்ததில்லை.

தர்க்கத்தோடு ஒரு காலச் சூழலும் சேர்ந்துகொண்டது. 1947 அக்டோபர் 13 அன்று இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டு ராயல் மருத்துவமனையில் ஸ்பைனல் போட்டுக்கொண்ட ஊல்லி, ரோ என்ற இருவர், சிறிய அறுவைக்காகப் போய், இடுப்புக்குக் கீழே நிரந்தரமாகச் செயலிழந்து வெளியே வந்தார்கள். ஒரே நாள், ஒரே மயக்க மருந்து நிபுணர். இருவருக்கும் எம்.எஸ். இல்லை. மருந்துக் குப்பிகளைக் கிருமி நீக்கத்துக்காக ஃபீனால் கரைசலில் போட்டு வைத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி விரிசல்கள் வழியே ஃபீனால் உள்ளே கசிந்தது என்ற விளக்கத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1947-ல் நடந்ததை 1954-ன் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கலாகாது என்ற பொருளில் நீதிபதி டென்னிங் எழுதிய தீர்ப்பு சட்ட மாணவர்களுக்கு இன்றும் பாடம். வழக்கில் மருத்துவர் தப்பினார், ஸ்பைனல் தப்பவில்லை. பிரிட்டனில் அந்த ஊசி பல பத்தாண்டுகளுக்கு ஓரங்கட்டப்பட்டது. குப்பிகளில் அல்ல, ஊசிகளைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் உப்புப்படிவை நீக்கப் போட்ட அமிலத்தில்தான் கோளாறு என்ற விளக்கம் பல ஆண்டுகள் கழித்து முன்வைக்கப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுறையே பயந்து பழகிவிட்டது. அட்லாண்டிக்கின் மறுகரையிலும் 1950-ல் நியூயார்க் நரம்பியலாளர் ஃபாஸ்டர் கென்னடி, ஸ்பைனலால் வந்த பக்கவாதங்களைத் தொகுத்துக் கடுமையான எச்சரிக்கைக் கட்டுரை ஒன்றை வெளியிட்டிருந்தார்.

இந்தப் பயத்துக்கு எண்களால் பதில் சொன்னவர்கள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டிரிப்ஸும் லீராய் வான்டமும். 10,098 ஸ்பைனல்களைப் போட்டு, அவற்றைப் பெற்றவர்களை விடாமல் தொடர்ந்து, பெரிய நரம்பியல் பின்விளைவு எதையும் காண முடியவில்லை என்று 1954-ல் அறிவித்தார்கள். ஸ்பைனல் பிழைத்தது இவர்களால்தான் என்றுகூடச் சொல்லலாம். வேடிக்கை என்னவென்றால், எம்.எஸ். போன்ற நோயுள்ளவர்களுக்கு ஊசியை மறுக்கச் சொன்ன செல்வாக்கான குரலும் இவர்களுடையதுதான். ஏற்கெனவே நரம்பு நோய் இருந்தவர்களில் சிலருக்கு ஸ்பைனலுக்குப் பிறகு நோய் மோசமானதை 1956-ல் தனிக் கட்டுரையாக எழுதினார்கள். பத்தாயிரம் ஸ்பைனல்களால் நம்பகத்தன்மையைச் சம்பாதித்தவர்கள் ஒரு சிலரைப் பற்றிச் சொன்ன எச்சரிக்கை பாடநூல்களில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்தச் சிலருக்கு ஊசி போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அந்தக் கட்டுரையில் இல்லை. அன்றைக்கு அதைக் கேட்கும் வழியும் இல்லை.

அதன்பிறகு வந்தவை தனித்தனி நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள். எம்.எஸ். உள்ள பெண்ணுக்கு எபிடூரல் போட்டோம், ஆறு வாரத்தில் கால் தளர்ந்தது என்று ஒருவர் எழுதுவார். எபிடூரல் போட்டோம், ஒன்றும் ஆகவில்லை என்று எழுதி அனுப்பினால் எந்தப் பத்திரிகை போடும்? கெட்டது மட்டும் அச்சேறி அச்சேறி, ஒரு பெரிய குவியலாகத் தெரிந்தது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். இந்த விஷயத்தில் காகமும் உண்மை, பழம் விழுந்ததும் உண்மை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: காகம் வராத மரத்தில் அதே பருவத்தில் எத்தனை பழம் விழுகிறது?

அந்தக் கணக்கை எடுத்தவர்கள் மயக்க மருந்து நிபுணர்கள் அல்லர். எம்.எஸ். உள்ள பெண்கள் கருத்தரிக்கக் கூடாது என்று மருத்துவர்கள் புத்தி சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அது சரிதானா என்று பார்க்கப் பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த கிறிஸ்தியான் கோன்ஃபாவ்ரே தலைமையில் 12 ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ஓர் ஆய்வை நடத்தின. 254 பெண்கள், 269 கர்ப்பங்கள். முடிவு 1998-ல் வெளிவந்தது. கருத்தரிப்பதற்கு முந்தைய ஆண்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.7 ரிலாப்ஸ் வந்திருந்தது. கர்ப்ப காலத்தில் அந்த வீதம் குறைந்து, கடைசி மூன்று மாதங்களில் ஆண்டுக்கு 0.2 என்ற அளவுக்கு இறங்கியது. வயிற்றில் உள்ள குழந்தை, தாயின் உடலுக்குப் பாதி அந்நியம். அதைத் தாக்காதிருக்கும்படி தாயின் எதிர்ப்பு அமைப்பு தன்னைத் தளர்த்திக்கொள்கிறது. மயலினும் அந்தச் சலுகையில் பங்கு பெறுகிறது. பிரசவம் முடிந்ததும் தளர்வும் முடிந்துவிடும். முதல் மூன்று மாதங்களில் வீதம் ஆண்டுக்கு 1.2 ஆகத் துள்ளி ஏறுகிறது. பிறகு மெல்லப் பழைய அளவுக்குத் திரும்புகிறது.

இந்த 1.2 என்ற எண்ணில்தான் முழுப் புதிரும் இருக்கிறது. ஆண்டுக்கு 1.2 என்றால் மூன்று மாதத்துக்கு 0.3. அதாவது நூறு பெண்கள் பிள்ளை பெற்றால், அடுத்த தொண்ணூறு நாட்களில் அவர்களிடையே ஏறத்தாழ முப்பது ரிலாப்ஸ்கள் வரும். மூன்று நாளைக்கு ஒன்று. ஊசி போட்டாலும் வரும், போடாவிட்டாலும் வரும். அந்த நூறு பேருக்கும் எபிடூரல் கொடுத்திருந்தால், முப்பது தடவை யாரோ ஒருவர் 'ஊசிக்குப் பிறகுதான் வந்தது' என்று சொல்லியிருப்பார். பிரசவம் நடக்கும் அதே நாளில்தான் முதுகில் ஊசியும் போடப்படுகிறது. நோய் துள்ளியெழும் பருவத்தின் வாசலில் நின்றுகொண்டு எந்த ஊசியும் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது.

நம் ஊரிலும் இதன் சாயல் ஒன்று உண்டு. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதிலிருந்து இடுப்புவலி போகவே இல்லை என்று சொல்லும் பெண்கள் இல்லாத தெரு அரிது. எபிடூரல் போட்டுக்கொண்டவர்களையும் போட்டுக்கொள்ளாதவர்களையும் ஒப்பிட்ட சோதனைகளில் நீண்டகால முதுகுவலி இரு தரப்பிலும் ஒரே மாதிரிதான் இருந்தது. பத்து மாதம் சுமந்ததும், குனிந்து குனிந்து குழந்தையைத் தூக்கியதும் ஊசியைப் போல ஒரே நொடியில் குத்துவதில்லை. அதனால் நினைவில் நிற்பதில்லை.

ஐரோப்பிய ஆய்வு எபிடூரலையும் தனியாகப் பார்த்தது. போட்டுக்கொண்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ரிலாப்ஸ் வீதத்தில் வேறுபாடு இல்லை. யாருக்குப் பிரசவத்துக்குப் பின் ரிலாப்ஸ் வரும் என்பதைச் சொன்னவை வேறு விஷயங்கள்: கருத்தரிப்பதற்கு முந்தைய ஆண்டில் எத்தனை தாக்குதல், கர்ப்ப காலத்தில் எத்தனை, கருத்தரித்தபோது உடற்குறை எவ்வளவு. மொத்தத்தில் நோய் எவ்வளவு சூடாக இருந்ததோ அதுதான் தீர்மானித்தது. பின்னால் இத்தாலியர்கள் 349 நிறைமாதப் பிரசவங்களை எடுத்துக்கொண்டார்கள். 155 சிசேரியன், 65 எபிடூரல். 2012-ல் வெளியான அந்த ஆய்விலும் சிசேரியனுக்கோ எபிடூரலுக்கோ ரிலாப்ஸோடு தொடர்பு தென்படவில்லை.

இவை எதிலும் யாருக்கு எபிடூரல், யாருக்கு இல்லை என்று சீட்டுக் குலுக்கிப் போடவில்லை. நோய் கடுமையாக உள்ள பெண்ணுக்கு மருத்துவர் ஊசியைத் தவிர்த்திருக்கலாம். வலி தாங்க முடியாத பெண் தானே கேட்டு வாங்கியிருக்கலாம். அந்தச் சாய்வை ஆய்வாளர்கள் கணிதத்தால் சரிசெய்யப் பார்த்தார்கள். முழுதாகச் சரிசெய்துவிட முடியாது. பிரசவ வலியில் துடிக்கும் எம்.எஸ். நோயாளியைக் குலுக்கலில் விட்டுச் சோதிக்க யாரும் துணியப் போவதில்லை என்பதால், இந்தக் கேள்விக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த விடை இந்த வகை ஆய்விலிருந்துதான் வர வேண்டும். நான் அதை ஏற்றுக்கொள்கிறேன். வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு காலத்தில் எடுத்த கணக்குகள் ஒரே திசையைக் காட்டுகின்றன.

மருந்தின் அளவைப் பற்றி ஒரு சந்தேகம் மட்டும் தனியாக நிற்கிறது. 1988-ல் பாஸ்டன் மருத்துவர்கள் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். எபிடூரல் பெற்றவர்களுக்கும், பிறப்புறுப்பருகே மட்டும் மரக்க ஊசி பெற்றவர்களுக்கும் ரிலாப்ஸில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் எபிடூரலுக்குப் பின் ரிலாப்ஸ் வந்தவர்கள் எல்லோருமே பியூபிவகெய்ன் என்ற மரக்கும் மருந்தை 0.25 விழுக்காட்டைவிடச் செறிவாகப் பெற்றவர்களாக இருந்தார்கள். மிகச் சிலரை வைத்துச் சொன்ன விஷயம் என்பதால் இதை நிரூபணம் என்று கொள்ள முடியாது. நீண்ட நேரம் வலியில் இருந்தவர்களுக்கு, கருவியிட்டுப் பிரசவம் பார்க்க வேண்டி வந்தவர்களுக்குத்தானே செறிவான மருந்து போயிருக்கும்? இருந்தாலும் இயலும்வரை நீர்த்த மருந்து என்ற வழக்கத்துக்கு இந்தக் கவனிப்பும் ஒரு காரணமாயிற்று. இன்று பிரசவ எபிடூரலில் 0.1 விழுக்காட்டை ஒட்டிய பியூபிவகெய்னோடு ஃபென்டனில் என்ற வலிநீக்கியை மிகச் சிறிதளவு சேர்த்துக் கொடுப்பது எல்லாப் பெண்களுக்குமே நடைமுறை. வலி போய்விடும், கால் அசையும். எம்.எஸ். உள்ளவர்களுக்கென்று தனியாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

எபிடூரலுக்கு இவ்வளவு கணக்கு இருக்கிறது. ஸ்பைனலுக்கு அந்த அளவு இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2006-ல் தன் பழைய பதிவுகளைப் புரட்டி, மூளை அல்லது தண்டுவட நோய் ஏற்கெனவே உள்ள 139 பேருக்கு ஸ்பைனலோ எபிடூரலோ போட்ட பிறகு என்ன ஆயிற்று என்று பார்த்தது. அவர்களில் எம்.எஸ். நோயாளிகளும் இருந்தார்கள். புதிய குறையோ, பழைய குறை முற்றியதோ ஒருவருக்கும் இல்லை. 139-ல் பூஜ்யம். அதற்காக ஆபத்து பூஜ்யம் என்று ஆகிவிடாது. புள்ளியியலில் ஓர் எளிய விதி உண்டு: ஒன்றும் நடக்கவில்லை என்றால், மூன்று என்ற எண்ணை, ஆய்வில் பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ள வேண்டும். 139 பேரில் ஒன்றும் நடக்காவிட்டாலும், உண்மையான ஆபத்து நூற்றுக்கு இரண்டு வரை இருக்க இடமுண்டு என்றுதான் அந்த எண் சொல்கிறது.

ஸ்பைனல் பற்றிய அச்சத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் தெளிவு கிடைக்கும். ஊசி ஆபத்தா, மருந்து ஆபத்தா? ஊசியைப் பற்றிக் கவலைப்பட அதிகம் இல்லை. எம்.எஸ். இருக்கிறதா என்று கண்டறியவே இதே இடத்தில், இதே உறையைத் துளைத்துத் திரவம் எடுக்கிறார்கள். அந்தப் பரிசோதனையை 1891-ல் தொடங்கிவைத்த ஹைன்ரிக் குவிங்கேயும் கீல் நகரத்து மருத்துவர்தான். கால் தசைகள் முறுக்கிக்கொண்டு விடாத எம்.எஸ். நோயாளிகளுக்கு, வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு பம்பை வைத்து, மெல்லிய குழாய் வழியாகத் தண்டுவடத் திரவத்துக்குள் பாக்லோஃபென் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் சிகிச்சையும் 1980களிலிருந்து நடக்கிறது. குழாய் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடக்கிறது. ஆக, மிஞ்சுவது மருந்து. மரக்கவைக்கும் மருந்துகள் எல்லாவற்றுக்கும், செறிவு கூடினால் நரம்பைக் காயப்படுத்தும் குணம் உண்டு. ஆய்வகத்தில் அது தெளிவாகவே தெரிகிறது. மயலின் இழந்த நரம்பு அதற்கு எளிதாக இடம் கொடுக்குமா என்பதே கேள்வி. இன்னொரு பக்கம், ஸ்பைனல் மருந்து முதன்மையாக வேலை செய்வது தண்டுவடத்துக்குக் கீழே மிதக்கும் நரம்பு வேர்களில். அவற்றின் மயலினைச் செய்வது ஷ்வான் என்ற வேறு வகைச் செல். எம்.எஸ். தாக்குவது மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள மயலினை. நோயின் குறியும் மருந்தின் குறியும் பெருமளவு வெவ்வேறு இடங்கள். பெருமளவு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்து திரவத்தில் மேலேறித் தண்டுவடத்தின் வெளிப்பரப்பையும் தொடத்தான் செய்கிறது.

இதையெல்லாம் வைத்து, இரண்டும் சரிவரும் இடத்தில் எபிடூரலையும், ஸ்பைனல்தான் வேண்டுமென்றால் குறைந்த அளவையும் பல நிபுணர்கள் விரும்புகிறார்கள். அவசரச் சிசேரியனில் இந்த விருப்பத்துக்கெல்லாம் நேரம் இராது. ஸ்பைனல் வேகமானது, எபிடூரல் மரக்கக் காத்திருக்க வேண்டும். மாற்று என்ன? முழு மயக்கம். எம்.எஸ். நோயை அது தூண்டுவதாகச் சான்று இல்லை, உண்மை. ஆனால் கர்ப்பிணிக்கு மூச்சுக்குழாய் பொருத்துவது மற்றவர்களைவிடச் சிரமம். இரைப்பையில் உள்ளது நுரையீரலுக்குப் போய்விடும் அபாயமும் கூடுதல். நெடுநாள் கால் செயலிழந்து கிடப்பவர்களுக்கு இன்னொரு தனி ஆபத்தும் உண்டு. குழாய் பொருத்தும்போது தசையை உடனே தளர்த்தச் சக்சினைல்கோலின் என்ற மருந்தைப் போடுவார்கள். நரம்பின் கட்டளை இல்லாத தசையில் அந்த மருந்துக்கான ஏற்பிகள் பரப்பு முழுக்க முளைத்திருக்கும். மருந்து பட்டதும் தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கொட்டி, இதயத் துடிப்பை நிறுத்திவிடக்கூடும். நிரூபிக்கப்படாத ஓர் ஆபத்துக்குப் பயந்து முதுகு ஊசியை மறுத்தவர்கள், நோயாளியை எந்த ஆபத்தின் பக்கம் அனுப்பினோம் என்று கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2019-ல் பிரிட்டன் நரம்பியலாளர்களும் மகப்பேறு மருத்துவர்களும் கூடி வகுத்த ஒருமித்த கருத்து, எம்.எஸ். இருக்கிறது என்பதற்காகப் பிரசவ முறையையோ வலி நீக்கும் முறையையோ மாற்ற வேண்டியதில்லை என்கிறது. மயக்க மருந்து நிபுணர்களின் அமைப்புகள் இதைவிடச் சற்று எச்சரிக்கையாகப் பேசுகின்றன: தடை இல்லை, ஆனால் நன்மை தீமைகளை நோயாளியோடு பேசி முடிவெடுங்கள். வழக்கு வந்தால் சாட்சிக் கூண்டில் நிற்பவர் யார் என்பதை நினைத்தால் இந்த வித்தியாசம் புரிகிறது.

புதிய மருந்துகள் கணக்கை இன்னும் சிக்கலாக்கியிருக்கின்றன. நோயின் வேகத்தை மட்டுப்படுத்தும் சிகிச்சைகள் இன்று பல. அவற்றில் நட்டாலிசுமாப், ஃபிங்கோலிமோட் போன்ற சிலவற்றைக் கர்ப்பத்துக்காக நிறுத்தும்போது, நோய் முன்னைவிட உக்கிரமாகத் திரும்பி வருவதுண்டு. பிரசவத்தை ஒட்டி அப்படி ஒன்று நேர்ந்தால், பழி போட ஊசி அங்கே தயாராக இருக்கும்.

எபிடூரலே ஒரு குழப்பத்தை உண்டாக்கவும் கூடும். நீண்ட நேரம் எபிடூரலில் இருக்கும் பெண்களில் ஒரு பகுதியினருக்கு, கிருமித்தொற்று எதுவும் இல்லாமலே உடல் சூடு ஏறுகிறது. ஊட்டோஃப் சொன்ன விளைவு இங்கே தலைகாட்டலாம்: கண் மங்கும், கை தளரும். சூடு தணிந்தால் சரியாகிவிடும். அதனால்தான் அறையைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதும், மணிக்கொரு தரம் வெப்பநிலை பார்ப்பதும், சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று முன்பே சோதிப்பதும் எந்த ஊசி என்ற விவாதத்தைவிட முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. தன்னியக்க நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஸ்பைனலுக்குப் பின் ரத்த அழுத்தம் எதிர்பார்த்ததைவிட இறங்கலாம். மரப்பு விலகச் சில மணி நேரம் கூடுதலாக ஆகலாம். இரண்டும் முன்பே தெரிந்திருந்தால் யாரும் பதற வேண்டியதில்லை.

எம்.எஸ். உள்ள பெண் ஏழாவது எட்டாவது மாதத்திலேயே மயக்க மருந்து நிபுணரைச் சந்தித்துவிடுவது நல்லது. வலி எடுத்த பிறகு நள்ளிரவில் முதல் தடவையாகப் பார்ப்பதில் இருவருக்குமே லாபம் இல்லை. அந்தச் சந்திப்பில் நிபுணர் செய்ய வேண்டியது ஒரு சாதாரண வேலை. எந்தக் காலில் எவ்வளவு பலம், எந்த விரலில் உணர்ச்சி குறைவு, சிறுநீர் கட்டுப்படுகிறதா, கண் எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, தேதியோடு எழுதிக் கையெழுத்திட வேண்டும். பிரசவத்துக்குப் பின் முதல் மூன்று மாதத்தில் ரிலாப்ஸ் வர வாய்ப்பு கூடுதல், ஊசி போட்டுக்கொண்டாலும் போட்டுக்கொள்ளாவிட்டாலும் அது அப்படித்தான் என்பதை ஊசி போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பின்னால் சொன்னால் அது சாக்குப்போக்காகத்தான் காதில் விழும்.